சிப்பாய்க்கு மைதானத்தில் இடமுண்டா?

(மூன்றாமாண்டு இளங்கலை வரலாற்று மாணவர் ஒருவரின் கருத்து)

சென்ற பொங்கல் விடுமுறையில் என் நண்பன் ஒருவன் கேட்ட கேள்வியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. முதலாண்டில் என்னோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து வரலாறு படித்தவன் அவன். நம் கல்லூரிக் கால்பந்து அணியில் இடப்பக்க முன்வரிசையில் ஆடியவன். வீட்டு நிலைமை அவன் படிப்பை முதலாண்டோடு நிறுத்திவிட்டது. இராணுவ ஆள்சேர்ப்புக்குப் போனான், ஓடினான், தேறினான், அக்னிவீரனாகச் சேர்ந்துவிட்டான்.

விடுப்பில் வந்தவனோடு ஒரு மாலைப்பொழுது நம் மைதானத்தின் ஓரத்தில் அமர்ந்திருந்தேன். உள்ளூர் மாணவர்கள் நாலைந்து பேர் பந்தை உதைத்துக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று, "நாலு வருஷம் முடிச்சிட்டுத் திரும்பவும் காலேஜ்ல சேர்ந்தா, டீம்ல எடம் குடுப்பாங்களாடா?" என்றான்.

"ஏன் குடுக்க மாட்டாங்க?" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டேனே தவிர, அந்தப் பதிலில் எனக்கே உறுதியில்லை. அவன் ஊருக்குப் போய்விட்டான். கேள்வி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. இதைப்பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். இதே கேள்வியை மிகப் பெரிய அளவில் சந்தித்த நாடு அமெரிக்கா என்று தெரிந்தது. அந்நாட்டு அனுபவத்தைப் பேராசிரியப் பெருமக்கள் முன்னும் மாணவ நண்பர்கள் முன்னும் வைத்து, என் கருத்தையும் சொல்ல விரும்புகிறேன்.

போர் முடிந்தது, வகுப்பு தொடங்கியது

முதலில் ஒரு விளக்கம். அமெரிக்கர்கள் 'புட்பால்' என்று சொல்வது நம் ஆட்டமன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், எறிவதும், எதிரணியினரை மோதி வீழ்த்துவதுமான முரட்டு ஆட்டம் அது. ஓரணிக்குப் பதினொருவர் என்பதுதான் நமக்கும் அவர்களுக்கும் பொது. அந்நாட்டில் கல்லூரி அணிகள் ஆடும் ஆட்டத்தைக் காணவே ஊர் திரண்டு வரும். ஆகவே அணியில் ஓரிடம் என்பது அங்கே அற்பமான செய்தியன்று.

இரண்டாம் உலகப்போர் முடியுமுன்பே, 1944 ஜூன் 22 அன்று, குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். போரிலிருந்து திரும்பும் வீரர்களின் மறுவாழ்வுக்கான அச்சட்டத்தை மக்கள் 'ஜி.ஐ. சட்டம்' என்றே அழைத்தார்கள். அதன்படி படிக்க விரும்பும் வீரனுக்கு ஆண்டுக்கு 500 டாலர் வரை கல்விக் கட்டணம் அரசு கொடுத்தது. சாப்பாட்டுச் செலவுக்கு, மணமாகாதவனுக்கு மாதம் 50 டாலர். குடும்பஸ்தனுக்கு 75 டாலர். சுமார் 22 இலட்சம் வீரர்கள் இவ்வாறு கல்லூரி வாயிலுக்கு வந்தார்கள். 1947-ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கல்லூரி மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் படையிலிருந்து வந்தவர்களே.

கற்றறிந்தோர் எல்லாரும் இதை வரவேற்கவில்லை. சிகாகோ பல்கலைக்கழகத் தலைவராயிருந்த இராபர்ட் ஹட்சின்ஸ், கல்லூரிகள் வேலையற்று அலைபவர்களின் கூடாரமாகிவிடும் என்று எச்சரித்தார். தம் பல்கலைக்கழகத்தில் 1939-ஆம் ஆண்டு கால்பந்து அணியையே கலைத்தவர் அவர்! ஹார்வர்டின் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட்டும் ஐயுற்றார். நடந்தது என்ன? துப்பாக்கியை வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தவர்கள் மற்றவர்களைவிட ஊன்றிப் படித்தார்கள். இழந்துவிட்ட ஆண்டுகளின் அருமை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஹார்வர்டு கண்ட மாணவர்களிலேயே மிகச் சிறந்தவர்கள் இவர்கள் என்று பின்னாளில் கோனன்ட்டே ஒப்புக்கொண்டார்.

வகுப்பறையில் நடந்தது மைதானத்திலும் நடந்தது. சக் பெட்னாரிக் என்பவர் பி-24 குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கி வீரராக ஜெர்மனியின்மீது முப்பது முறை பறந்தவர். உயிரோடு திரும்பியதே பெரிது. திரும்பியவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கால்பந்து ஆடினார். 1949-இல் தொழில்முறை அணிகள் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் ஆளாகத் தேர்வானவர் அவரே. அலெக்ஸ் அகாசி என்பவர் கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்தபோதே கடற்படைக் காலாட்படைக்குச் சென்று, இவோ ஜிமா, ஒக்கினாவா போர்களில் ஈடுபட்டுக் காயமுற்றார். 1946-இல் தம் பழைய இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கே திரும்பி வந்து ஆடி, நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரர்களுள் ஒருவராக மதிக்கப்பட்டார்.

இங்கே மறைக்கக்கூடாத ஓர் உண்மையும் உண்டு. இந்த வாயில் எல்லாருக்கும் ஒன்றுபோல் திறக்கவில்லை. தென் மாநிலங்களில் வெள்ளையர் கல்லூரிகள் கருப்பின வீரர்களைச் சேர்க்க மறுத்தன. ஒரே கொடியின்கீழ்ப் போரிட்டவன், திரும்பி வந்தபின் ஒரே வகுப்பில் அமர முடியவில்லை. சட்டம் போட்டால் மட்டும் போதாது, வாயிற்காப்பவன் மனமும் திறக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

நம் காலத்து மூவர்

அதெல்லாம் பழங்கதை எனச் சிலர் சொல்லக்கூடும். ஆகவே நம் காலத்து மூவரைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலாமவர் நேட் பாயர். அமெரிக்கத் தரைப்படையின் சிறப்புப் பிரிவில் பணியாற்றி, ஈராக்கைக் கண்டவர். 2010-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 29. அதற்குமுன் பள்ளியிலும் அவர் அந்த ஆட்டத்தை ஆடியதில்லை. உதவித்தொகை பெற்ற ஆட்டக்காரர்கள் நிறைந்த அணியில் வெறுங்கையோடு தேர்வுக்கு நின்று இடம் பிடித்தார். இடம் பிடித்தாலும் ஆட வாய்ப்பு எங்கே? அவர் ஒரு வழி கண்டார். குனிந்து நின்று, கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் பதினைந்து கஜ தூரத்தில் நிற்பவன் கைக்குக் குறிதவறாமல் அனுப்புவது அந்த ஆட்டத்தில் ஒரு தனிவேலை. யாரும் ஆசைப்படாத வேலை. தவறினால் மட்டுமே பார்வையாளர் கண்ணில் படும் வேலை. அதைக் கற்றுக்கொண்டார். கோடை விடுமுறைகளில் படைப்பணிக்குச் சென்று, திரும்பி வந்து ஆடினார். 34 வயதில் ஒரு தொழில்முறை அணியின் பயிற்சி முகாம்வரை சென்றார்.

இரண்டாமவர் டேனியல் ராட்ரிகஸ். 2009 அக்டோபர் 3 அன்று ஆப்கானிஸ்தானத்தின் கம்தேஷ் என்னுமிடத்தில் மலைகளுக்கு நடுவே இருந்த ஒரு சிறு காவல்முகாம் தாக்கப்பட்டது. அமெரிக்க வீரர்கள் எட்டுப்பேர் அன்று மடிந்தனர். ராட்ரிகஸ் காயத்தோடு தப்பினார். மடிந்தவர்களுள் ஒருவர் அவருடைய நெருங்கிய நண்பர். ஊர் திரும்பினால் கல்லூரியில் சேர்ந்து கால்பந்து ஆடுவேன் என்று அந்த நண்பருக்கு வாக்குக் கொடுத்திருந்தார் ராட்ரிகஸ். வாக்குப் பெற்றவர் போய்விட்டார். கொடுத்தவர் அதைக் காப்பாற்றினார். தாம் பயிற்சி செய்வதைப் படம்பிடித்து வெளியிட்டார். அதைப் பார்த்த கிளெம்சன் பல்கலைக்கழகம் அவரை ஏற்றது. 2012-இல் அதன் அணியில் ஆடத் தொடங்கினார். பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராகவே இருந்தார். ஆனால் சீருடை அணிந்தார், களத்தில் இறங்கினார், அணியோடு வென்றார், அணியோடு தோற்றார்.

மூன்றாமவர் ஸ்டீவன் ரோட்ஸ். நம் கேள்விக்கு மிக நெருங்கிய கதை இவருடையது. கடற்படைக் காலாட்படையில் ஐந்தாண்டு பணியாற்றிவிட்டு, 2013-இல் 24 வயதில் மிடில் டென்னசி ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டுகளை ஆளும் சங்கம் அவர் அந்த ஆண்டு ஆடத் தகுதியற்றவர் என்று முடிவு செய்தது. என்ன குற்றம்? படைமுகாமில் இருந்தபோது பொழுதுபோக்குக்காகச் சிப்பாய்கள் நடத்திய ஓர் ஆட்டத்தொடரில் அவர் ஆடியிருந்தார். அங்கே நடுவர் இருந்தாராம், சீருடை இருந்ததாம், மதிப்பெண் குறித்தார்களாம். எனவே அது முறைப்படி நடந்த போட்டி. பள்ளியை விட்டு ஓராண்டுக்குமேல் ஆனபின் அத்தகைய போட்டியில் ஆடினால் தகுதி குறையும் என்பது விதி!

செய்தி பத்திரிகையில் வந்தது. நாடு முழுவதும் கண்டனம் எழுந்தது. சில நாட்களுக்குள் சங்கம் இறங்கிவந்தது. ரோட்ஸ் உடனே ஆடலாம் என்றது.

இதில் நான் காணும் பாடம் ஒன்று. அந்த விதியை எழுதியவர்கள் கெட்டவர்கள் அல்லர். வெளியே சில ஆண்டுகள் ஆடித் தேர்ச்சிபெற்ற ஒருவன், பிறகு கல்லூரிக்கு வந்து இளையவர்களைத் தோற்கடிக்கக்கூடாது என்பதற்காகவே எழுதினார்கள். நோக்கம் நல்லது. ஆனால் விதியை எழுதும்போது சிப்பாயின் முகம் அவர்கள் கண்முன் இல்லை. நினைவில் இல்லாதவன் விதியின் வலையில் சிக்கினான். நாட்டில் கூச்சல் எழுந்ததால் அவன் தப்பினான். கூச்சல் எழுப்ப ஆளில்லாத சிப்பாயின் கதி என்ன?

மறுப்புரைகள்

மாற்றுக் கருத்துகளையும் நேர்மையாக எடுத்துப் பார்ப்போம்.

"படையில் உடலை உரமேற்றியவனும், நேற்றுப் பள்ளியைவிட்டு வந்தவனும் ஒரே களத்தில் மோதுவது நியாயமா?" என்பர். இது வெறும் வாதமன்று. பதினெட்டு வயதுக்கும் இருபத்துமூன்று வயதுக்கும் வேறுபாடு உண்டு. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. சிப்பாய் அந்த ஆண்டுகளில் கால்பந்துப் பயிற்சி நிலையத்தில் இருக்கவில்லை, காவலில் நின்றான். ஆட்டத்தின் நுணுக்கம் அவனிடம் துருப்பிடித்திருக்கும். மூச்சு இருக்கலாம், கால் பழக வேண்டும். பாயரும் ராட்ரிகஸும் களத்தை ஆட்டிப்படைக்கவில்லை. இருக்கும் இடத்துக்குள் ஓரிடம் தேடிக்கொண்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

"இளைய மாணவன் ஒருவனுடைய இடம் பறிபோகுமே" என்பர். இடம் யாருக்கும் பட்டாப் போட்டுக் கொடுத்ததன்று. தேர்வில் தேறியவனுக்கே இடம். சிப்பாய்க்குச் சலுகை மதிப்பெண் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தேர்வில் நிற்கும் உரிமை மட்டுமே கேட்கிறேன்.

மூன்றாவது மறுப்பு எனக்கே தோன்றியது. குண்டுவெடிப்பின் அதிர்ச்சியை ஏற்கெனவே தாங்கிய தலை, மைதானத்து மோதலையும் தாங்க வேண்டுமா? அமெரிக்கக் கால்பந்தில் அடுத்தடுத்துத் தலையில் விழும் அடிகள் மூளையைக் கெடுக்கின்றன என்று மருத்துவ ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே, திரும்பி வரும் வீரனை மருத்துவர் பார்க்காமல் களத்தில் இறக்கக்கூடாது. மருத்துவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்; அங்கே வீரத்துக்கு வேலையில்லை. ஆனால் அந்த முடிவை மருத்துவர் சொல்லட்டும். ஆவணக் கட்டைப் புரட்டுபவர் சொல்ல வேண்டாம்.

மாலையும் வேண்டாம்

இன்னொரு பக்கமும் உண்டு. அமெரிக்காவில் பாயரும் ராட்ரிகஸும் தேசியக்கொடியை ஏந்தி அணிக்கு முன்னால் களத்துக்குள் ஓடினார்கள். கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது. அது தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் கொடியோடு ஓடுவது ஒரு நிமிடம். மற்ற நாட்களில் அவன் யார்? வீட்டுப்பாடம் எழுதவேண்டிய மாணவன். பயிற்சிக்குத் தாமதமாக வந்தால் திட்டு வாங்கவேண்டிய ஆட்டக்காரன்.

படையில் ஒரு மனிதன் தனியாக இருப்பதில்லை. உண்பதும் உறங்குவதும் ஓடுவதும் கூட்டமாகவே. அவன் பசி அடுத்தவனுக்குத் தெரியும். அடுத்தவன் குறட்டை அவனுக்குத் தெரியும். ஒருநாள் சீருடையைக் கழற்றியதும் அந்தக் கூட்டம் கலைந்துவிடுகிறது. வகுப்பில் அமர்ந்தால், பக்கத்தில் இருப்பவர்கள் ஐந்தாண்டு இளையவர்கள். பேச்சு வேறு, சிரிப்பு வேறு. இந்தத் தனிமைக்கு மருந்து மேடையும் மாலையும் பொன்னாடையும் அல்ல. "டேய், பந்தை இங்க தள்ளு!" என்று ஒருவன் அவனைப் பார்த்துக் கத்துவதுதான் மருந்து. பதினொருவரில் ஒருவனாவதுதான் அவனுக்கு வேண்டியது. அதை மைதானத்தைப்போல எளிதாகக் கொடுக்கக்கூடிய இடம் கல்லூரியில் வேறில்லை என்பேன்.

நம் வாசலுக்கு வரும் கேள்வி

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நம் நாட்டில் நெடுங்காலம் ஒரு சிப்பாய் பதினைந்து, பதினேழு ஆண்டுகள் பணியாற்றி, நடுவயதில் ஓய்வுபெற்று வருவான். வங்கியில் காவலர் வேலை, ஊரில் சிறு கடை என்று வாழ்க்கை அமையும். கல்லூரிக்கு வருபவன் அரிது. மைதானத்துக்கு வருபவன் அதனினும் அரிது. ஆகவே இக்கேள்வி எழவே இல்லை.

2022 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம் இதை மாற்றிவிட்டது. பதினேழரை வயது முதல் 21 வயதுக்குள் சேர்பவன், பயிற்சிக்காலத்தையும் சேர்த்து நான்கே ஆண்டுகள் பணியாற்றுகிறான். அறிவிக்கப்பட்ட விதிப்படி நூற்றுக்கு 25 பேர் வரை நிரந்தரப் படையில் சேர்க்கப்படுவர். ஏனையோர் ஊர் திரும்புவர். திரும்பும்போது பலருக்கு வயது 22, 23-தான் இருக்கும். நம் முதுகலை மாணவர்களின் வயது! திட்டம் நல்லதா கெட்டதா என்பது வேறு வழக்கு. அதற்கு வேறு மேடை உண்டு. வரப்போகிறவர்கள் வரத்தான் போகிறார்கள். அவர்களில் சிலர் விட்ட படிப்பைத் தொட நம் கல்லூரிக்கு வருவார்கள். அவர்களிலும் சிலர் மாலையில் பூட்ஸைக் கட்டிக்கொண்டு மைதானத்துக்கு வருவார்கள்.

படைக்கும் கால்பந்துக்கும் நம் நாட்டிலும் பழைய உறவு உண்டு. 1888-இல் சிம்லாவில் தொடங்கிய டூரண்ட் கோப்பை, முதலில் படை அணிகளுக்காகவே நடந்த போட்டி. நீலகிரியின் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணி 1955-லும் 1958-லும் அக்கோப்பையை வென்றது. எனவே படையிலிருந்து ஒருவன் பந்தோடு வருவது நமக்கு அந்நியமானதன்று.

ஆனால் விதி? பல்கலைக்கழகங்களுக்கிடையே நடக்கும் போட்டிகளுக்கு வயது உச்சவரம்பு உண்டு. முழுநேர வேலையாக ஆண்டுக்கணக்கில் ஆடுபவர்கள் மாணவர் என்ற பெயரில் நுழைவதைத் தடுக்க அது வேண்டியதே. ஆயினும் 21 வயதில் படையில் சேர்ந்து 25-இல் திரும்பி, முதலாண்டில் அமரும் ஒருவன் நிலையை எண்ணிப் பாருங்கள். படிக்க வாசல் திறந்திருக்கும். ஆட வாசல் மூடியிருக்கும். ரோட்ஸின் கதைதான் வேறு உடையில்.

என் வேண்டுகோள் மூன்று. முதலாவது, நாட்டுக்காகப் படையில் கழித்த ஆண்டுகளை விளையாட்டுக்கான வயதுக் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும். அமெரிக்காவில் கல்லூரி ஆட்டத்துக்கான ஐந்தாண்டுக் கணக்கில் படைப்பணிக்காலம் சேர்க்கப்படுவதில்லை, இது நடக்கக்கூடியதே. இரண்டாவது, இம்மாற்றம் வரும்வரை, வெளிப்போட்டிகளுக்குத் தகுதியில்லாவிட்டாலும், கல்லூரிக்குள் நடக்கும் துறைகளுக்கிடையிலான ஆட்டங்களிலும் நாள்தோறும் நடக்கும் பயிற்சியிலும் அவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு அரசாணை தேவையில்லை; நம் மனம் போதும். மூன்றாவது, பேராசிரியப் பெருமக்களுக்கு: நான்காண்டு இடைவெளிக்குப்பின் பேனா பிடிப்பவனுக்கு முதல் பருவத்தில் சற்றுப் பொறுமை காட்டுங்கள். பொறுமை மட்டும் போதும், இரக்கம் வேண்டியதில்லை.

மாணவ நண்பர்களுக்கும் ஒரு சொல். அவனிடம், "எல்லையில எத்தனை பேரைச் சுட்ட?" என்று கேட்காதீர்கள். "எந்தப் பொசிஷன் ஆடுவ?" என்று கேளுங்கள்.

அன்று மைதான ஓரத்தில் என் நண்பனுக்கு நான் சொன்ன பதில் அவசரத்தில் சொன்னது. இப்போது கொஞ்சம் படித்துவிட்டு, யோசித்துவிட்டுச் சொல்கிறேன். உன் பழைய இடம் உனக்காகக் காலியாகக் காத்திருக்காது. அங்கே இப்போது ஓர் இளையவன் நன்றாகவே ஆடுகிறான். அவனோடு நீ போட்டியிட வேண்டும். தோற்றால் பெஞ்சில் அமர வேண்டும். ஆனால் நீ வந்து நிற்கும்போது வாயிலில் எவரும் உன் வயதைக் கேட்டுத் திருப்பி அனுப்பக்கூடாது. அந்த நிலையை உருவாக்க உனக்கு இன்னும் இரண்டாண்டு இருக்கிறது. எங்களுக்கும் அவ்வளவுதான் இருக்கிறது. நான் இக்கல்லூரியை விட்டுப் போய்விடுவேன். இந்த மலரைப் படிப்பவர்களில் சிலராவது அப்போதும் இங்கே இருப்பார்கள். அவர்களை நம்பித்தான் இதை எழுதினேன்.